பலர் பயன்படுத்தும் கணினியின் வேகமும் பயனர் கணக்குகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பலர் சேர்ந்து பயன்படுத்தும் தம் கணினி மிகவும் மெதுவாகிவிட்டதாக ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்விக்கு, தங்கள் நாளிதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியில், கூடுதலாக இருக்கும் பயனர் கணக்குகளை நீக்கிவிட்டு எல்லோரும் ஒரே கணக்கைப் பயன்படுத்துமாறு அறிவுரை கூறப்பட்டிருந்தது. பொதுப் பயன்பாட்டுக்கான கணினிகளைப் பராமரித்துவருபவன் என்ற முறையில், அந்த அறிவுரையின் முதற்பாதி பெரும்பாலும் பயன் தராது என்றும் இரண்டாம் பாதி தீங்கு விளைவிக்கக்கூடியது என்றும் உறுதியாகக் கருதுகிறேன். கணினி பழுதுபார்ப்பவர்கள் பலரும் அந்த அறிவுரையையே சொல்லிவருவதால், இதற்கான விளக்கத்தைத் தங்கள் வாசகர்கள் முன் சற்று விரிவாக வைக்க விரும்புகிறேன்.

ஒரு கணினியில் பயனர் கணக்கு இருப்பது வேறு, அந்தக் கணக்கில் ஒருவர் உள்நுழைந்திருப்பது வேறு. உள்நுழையாத கணக்கு என்பது ஒரு பெயர், ஓர் அடையாள எண், கடவுச்சொல் குறித்த பதிவு, அந்தப் பயனருக்கென ஒதுக்கப்பட்ட ஒரு கோப்புறை ஆகியவை மட்டுமே. விண்டோஸில் அந்தக் கோப்புறை சி டிரைவில் யூசர்ஸ் என்ற இடத்தில் இருக்கும். லினக்ஸில் ஹோம் என்ற இடத்தில் இருக்கும். அதன் உரிமையாளர் உள்நுழையாத வரை அவருடைய நிரல்கள் எவையும் இயங்குவதில்லை. அவருடைய அமைப்புகள் அடங்கிய பதிவேட்டுக் (ரெஜிஸ்ட்ரி) கோப்புகூட நினைவகத்தில் (ரேம்) ஏற்றப்படுவதில்லை. பத்துக் கணக்குகள் உள்ள கணினியில் ஒருவர் மட்டும் உள்நுழைந்து வேலை செய்தால், செயலிக்கும் (சி.பி.யு.) நினைவகத்துக்கும் ஏற்படும் சுமை ஒரே கணக்கு உள்ள கணினியின் சுமையிலிருந்து ஏறத்தாழ வேறுபடாது. அப்படியிருக்க, பயன்படாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கினால் வேகம் எங்கிருந்து கூடும்? அக்கணக்குகள் வட்டில் அடைத்துக்கொண்டிருந்த இடம்தான் திரும்பக் கிடைக்கும். அந்த இடமும் சில வேளைகளில் முக்கியமானது என்பதைப் பின்னர் கூறுகிறேன்.

பலர் ஒரே கணினியைப் பயன்படுத்துவது கணினிக்கு ஒவ்வாத ஒன்று என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. வரலாறு அதற்கு நேர்மாறானது. 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர் செயல்படுத்திக் காட்டிய சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பின் நோக்கமே, ஒரு கணினியின் நேரத்தைப் பலருக்குப் பகிர்ந்தளிப்பதுதான். 1969-இல் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளமும் பல பயனர்களை மனத்தில் வைத்தே வளர்ந்தது. இன்றைய விண்டோஸின் அடித்தளமான, 1993-இல் வெளிவந்த என்.டி. பதிப்பும் தனித்தனிக் கணக்குகளையும் அவற்றுக்கான அனுமதிகளையும் கொண்டே உருவாக்கப்பட்டது. இவற்றில் எந்த வடிவமைப்பும் கணக்குகளின் எண்ணிக்கையைக் கண்டு தடுமாறுவதில்லை.

அப்படியானால், குடும்பத்தினர் நால்வருக்கு நான்கு கணக்குகள் இருக்கும் கணினி மாலையானதும் நகர மறுப்பது ஏன்? விடை, உள்நுழைந்தவர்கள் வெளியேறாமல் இருப்பதில் இருக்கிறது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. பதிப்புக்கு முன்பு, வீட்டுக் கணினியில் அடுத்தவர் உட்கார வேண்டுமானால் முன்னவர் தம் வேலைகளை மூடிவிட்டு வெளியேறியாக வேண்டும். எக்ஸ்.பி. பதிப்புதான், ஒருவர் தம் நிரல்களை மூடாமலேயே கணினியை மற்றவரிடம் விட்டுச்செல்லும் விரைவுப் பயனர் மாற்றம் என்ற வசதியைக் கொண்டுவந்தது. 2003-இல் மேக் கணினிகளிலும் 10.3 பதிப்பின் வழியாக அதே வசதி வந்தது. மிகப் பயனுள்ள வசதிதான் இது; ஆனால் இதனால் என்ன நடக்கிறது என்பதைப் பயன்படுத்துவோருக்கு யாரும் விளக்கவில்லை. ஸ்விட்ச் யூசர் என்பதைத் தேர்ந்தெடுக்கும்போது முன்னவருடைய அமர்வு, அதாவது அவர் உள்நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை நீடிக்கும் பயன்பாடு, முடிவுக்கு வருவதில்லை. அவர் திறந்துவைத்த உலாவியும், அதன் அத்தனை தத்தல்களும் (டேப்), செய்தி அனுப்பும் நிரலும், கோப்புகளை இணையத்தோடு ஒத்திசைக்கும் நிரலும் திரைக்குப் பின்னால் அப்படியே இருக்கின்றன. அறையைப் பூட்டிக்கொண்டு போனவர் உள்ளே விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்தாமல் போனதற்கு இணையானது இது.

விண்டோஸ் ஒவ்வோர் அமர்வுக்கும் தனி எண் கொடுக்கிறது. விஸ்டா பதிப்பு முதல், 0 என்ற அமர்வு பின்னணிச் சேவைகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டுள்ளது. பயனர்களின் அமர்வுகள் 1 முதல் தொடங்குகின்றன. ஒவ்வொரு பயனர் அமர்வுக்கும் மேசைத்திரையையும் பணிப்பட்டையையும் காட்டும் எக்ஸ்ப்ளோரர், சாளரங்களை வரையும் நிரல், உள்நுழைவைக் கவனிக்கும் நிரல் எனத் தனித்தனிப் படிகள் (பிரதிகள்) இயங்கியாக வேண்டும். பயனர் எதையுமே திறக்காவிட்டாலும், தானாகத் தொடங்கும் நிரல்களையும் சேர்த்தால் ஓர் அமர்வு சில நூறு எம்பி நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். உலாவியில் பல தத்தல்கள் திறந்திருந்தால் அந்த அளவு ஜிபியில் போகும். நிரலின் சில பகுதிகளை அமர்வுகளுக்கிடையே இயங்குதளம் பகிர்ந்துகொள்வது உண்மைதான். ஆனால் ஒவ்வொருவரும் திறந்த பக்கங்களும் ஆவணங்களும் அவரவருக்கு உரியவை என்பதால் அவற்றைப் பகிர்ந்துகொள்ள வழியில்லை.

நினைவகம் போதுமானதாக இருக்கும்வரை இதனால் பெரிய கேடில்லை. 16 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் இரண்டு மூன்று அமர்வுகள் திறந்திருப்பதைப் பயன்படுத்துபவர் உணராமலே போகலாம், ஏனெனில் சும்மா இருக்கும் அமர்வு செயலியின் நேரத்தை மிகக் குறைவாகவே கேட்கும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவையாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ள 4 ஜிபி நினைவகத்தோடு ஓடும் கணினியில்தான் சிக்கல் உடனடியாக வெளிப்படுகிறது. அங்கே இயங்குதளமே பெரும்பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, ஒருவர் வேலை செய்வதற்கே மிச்சம் குறைவு. இரண்டாமவரின் அமர்வும் சேர்ந்தால் இடம் தீர்ந்துவிடும். அப்போது விண்டோஸ் முதலில் நினைவகத்தில் உள்ளவற்றைச் சுருக்கிவைக்க முயல்கிறது. விண்டோஸ் 10 முதல் இருக்கும் ஏற்பாடு இது. அதுவும் போதாதபோது, அண்மையில் தொடப்படாத பகுதிகளை வட்டில் உள்ள பேஜ் ஃபைல் என்ற கோப்புக்கு நகர்த்துகிறது. வெளியேறாமல் போனவருடைய உலாவி பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேரும்.

வட்டு எந்த வகை என்பது இந்த இடத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நினைவகத்திலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோவினாடி ஆகிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு ஒரு முறை சுற்றவே 8 மில்லிவினாடிக்குச் சற்று மேலாகிறது. படிக்கும் முனை உரிய இடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக்கிடக்கும் தரவுகளை அதனால் வினாடிக்கு நூறு என்ற அளவில்தான் படிக்க முடியும். நினைவகத்தோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு தாமதம். சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்.எஸ்.டி. வட்டோ அதே வேலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது. ஒரே எண்ணிக்கையிலான அமர்வுகள் திறந்திருந்தும் ஒரு கணினி சற்றே தயங்குவதற்கும், மற்றொன்று வட்டு விளக்கு அணையாமல் எரிய நிமிடக்கணக்கில் உறைந்து நிற்பதற்கும் காரணம் இதுவே. தம் அமர்வுக்குத் திரும்பி வருபவர் முதல் சில நிமிடங்களில் படும் அவதிக்கும் இதுவே காரணம். வட்டுக்குப் போனவையெல்லாம் மீண்டும் நினைவகத்துக்கு வந்து சேர வேண்டும், அவற்றுக்கு இடம் கொடுக்க மற்றவருடையவை வட்டுக்குப் போக வேண்டும்.

வெளியேறுதல் எது, எது அல்ல என்பதில் உள்ள குழப்பம் மிகப் பெரியது. உலாவியை மூடுவது வெளியேறுதல் அன்று. திரையைப் பூட்டுவதும் அன்று. மடிக்கணினியின் மூடியைச் சாத்தி உறக்க நிலைக்கு அனுப்பினால், விழித்தெழும்போது அத்தனை அமர்வுகளும் அவற்றோடு விழிக்கின்றன. சைன் அவுட் என்ற கட்டளை ஒன்றுதான் ஓர் அமர்வின் நிரல்களை மூடி, அது பிடித்துவைத்திருந்த நினைவகத்தை விடுவிக்கிறது. ஷட் டவுன் செய்தாலும் எல்லோருடைய அமர்வுகளும் முடிந்துவிடும். ஆனால் பிறருடைய அமர்வு திறந்திருக்கும்போது அப்படிச் செய்தால், இன்னும் ஒருவர் கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார், சேமிக்காத வேலையை அவர் இழக்க நேரிடும் என்று விண்டோஸ் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் படிக்காமலேயே தொடரும் பழக்கத்தால் ஒரு மாணவரின் முடிக்கப்படாத கட்டுரை அழிந்துபோகக்கூடும். பலர் பயன்படுத்தும் கணினியில் வெளியேறிவிட்டு எழுவது, அடுத்தவருக்கு வேகத்தைத் தருவதோடு தம் வேலையையும் காப்பாற்றிக்கொள்ளும் செயல் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது பயனர்கள் வெளியேற்றப்பட்டாலும் இயங்குதளத்தின் கருப்பகுதி (கெர்னல்) வட்டில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பல நாட்களாகத் தொடரும் மந்தத்துக்கு முழுமையான மறுதொடக்கம் வேண்டுமானால் ரீஸ்டார்ட் கட்டளையே சரியானது.

தானாகத் தொடங்கும் நிரல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் கணக்குகளின் எண்ணிக்கை மீது விழும் பழியில் ஒரு பகுதி உண்மையில் இவற்றுக்கே உரியது. சில நிரல்கள் கணினி முழுமைக்குமாக நிறுவப்படுகின்றன. யார் உள்நுழைந்தாலும் அவை தொடங்கும். வேறு சில, நிறுவியவரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் அவருக்கு மட்டுமாக நிறுவப்படுகின்றன. ஒரே நிரலை மூவர் இப்படித் தனித்தனியே நிறுவினால் வட்டில் மூன்று படிகள் இருக்கும், மூவரும் உள்நுழைந்திருந்தால் மூன்றும் ஓடும், ஒவ்வொன்றும் தனக்கான புதுப்பிப்பைத் தனியே தேடும். இணையச் சேமிப்பகத்தோடு ஒத்திசைக்கும் நிரல்கள் இன்னும் கவனத்துக்குரியவை. திரைக்குப் பின்னால் இருக்கும் அமர்விலும் அவை படங்களையும் காணொளிகளையும் பதிவேற்றிக்கொண்டே இருக்கும், அதனால் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இணையமும் வட்டும் ஒருசேர மந்தமாகத் தோன்றும். தேவையற்றவற்றை நிறுத்த ஒருவர் தம் கணக்கில் செய்யும் மாற்றம் மற்றவரின் கணக்குக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதால், இந்தத் தூய்மைப் பணியை ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து செய்ய வேண்டும்.

இனி, கணக்குகளின் எண்ணிக்கை உண்மையாகவே பாதிக்கும் வட்டு இடத்தைப் பற்றி. ஒவ்வொரு கணக்கும் தனக்கெனப் பதிவிறக்கங்கள், படங்கள், உலாவியின் தற்காலிகச் சேமிப்பு, அஞ்சல் நிரல் சேமிக்கும் படி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டே போகும். ஒருவர் தம் கணக்கில் நுழைந்து தற்காலிகக் கோப்புகளை நீக்கினால், மற்றவருடைய கோப்புறையில் உள்ளவை பொதுவாகத் தொடப்படுவதில்லை. 1 டிபி வட்டில் இது ஒரு பொருட்டன்று. ஆனால் 64 ஜிபி அல்லது 128 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் நான்கைந்து கணக்குகளே வட்டை விளிம்புவரை நிரப்பிவிடும்; நிரம்பிய வட்டில் இயங்குதளத்தின் புதுப்பிப்புகள் தடைப்படும், பேஜ் ஃபைல் விரிவடைய இடமிராது, எஸ்.எஸ்.டி.யின் எழுதும் வேகமும் குறையும். முழுச் சோதனை செய்யும் வைரஸ் தடுப்பு நிரலுக்கும், தேடலுக்கான அட்டவணையைத் தயாரிக்கும் நிரலுக்கும் வேலை கூடும். நாள்தோறும் புதியவர்கள் உள்நுழையும் கல்விக்கூட ஆய்வகங்களில் நூற்றுக்கணக்கான கோப்புறைகள் இப்படித் தங்கிவிடுவதுண்டு. அங்கே, குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் பயன்படாத பயனர் கோப்புறைகளை மறுதொடக்கத்தின்போது தானாக நீக்கும் கொள்கை அமைப்பு விண்டோஸிலேயே இருக்கிறது. நிர்வாகிகள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வீட்டில் ஒரு பழைய கணக்கு உண்மையிலேயே தேவையில்லை என்றால், அதை நீக்குவதில் எனக்கு மறுப்பேதுமில்லை. அதில் உள்ள கோப்புகளை முதலில் வேறிடத்துக்கு எடுத்துவைத்துவிட்டு, அமைப்புகள் பகுதியின் வழியாகவே நீக்க வேண்டும். யூசர்ஸ் கோப்புறைக்குள் போய் அந்தப் பெயருள்ள கோப்புறையை மட்டும் அழித்துவிட்டால், பதிவேட்டில் அதன் குறிப்பு எஞ்சியிருக்கும். பின்னொரு நாள் அந்தப் பயனர் உள்நுழைய முயலும்போது விண்டோஸ் அவரைத் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் கொண்டுபோய் விடும், அதில் அவர் செய்யும் வேலை வெளியேறியதும் மறைந்துவிடும்.

எல்லோரும் ஒரே கணக்கைப் பயன்படுத்தலாம் என்ற யோசனைக்கு வருகிறேன். நினைவகத்தை மட்டும் பார்த்தால் அதில் ஒரு சிறு ஆதாயம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை: ஒரே அமர்வுதான் இருக்கும். ஆனால் அந்த ஆதாயத்தை, தனிக் கணக்குகளை வைத்துக்கொண்டே சைன் அவுட் செய்வதன் மூலம் முழுமையாகப் பெற முடியும். இழப்போ மிகப் பெரியது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், வங்கிப் பக்கங்களின் உள்நுழைவுகள், மருத்துவ அறிக்கைகள், தனிப்பட்ட கடிதங்கள் ஆகிய யாவும் கணினியைத் தொடும் எவருக்கும் திறந்து கிடக்கும். குழந்தைகளுக்கான நேரக் கட்டுப்பாடும் உள்ளடக்கக் கட்டுப்பாடும் அவரவர் கணக்கோடு இணைந்தவை என்பதால் அவை பொருளற்றுப் போகும். பெரும்பாலும் அந்த ஒற்றைக் கணக்கு நிர்வாகி அதிகாரம் உடையதாகவே இருக்கும். வைரஸ் எதுவாயினும் முதலில் உள்நுழைந்திருப்பவரின் அதிகாரத்தோடுதான் இயங்கத் தொடங்குகிறது. சாதாரணக் கணக்கில் அது நுழைந்தால் அந்தப் பயனரின் கோப்புகளோடு சேதம் நிற்கும் வாய்ப்பு உண்டு, நிர்வாகிக் கணக்கில் நுழைந்தால் கணினி முழுவதும் அதன் கைக்குள் போகலாம். எனவேதான், ஒரு நிர்வாகிக் கணக்கைத் தனியே வைத்து, அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒவ்வொருவருக்கும் சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்குவது சரியான முறை என்று வற்புறுத்துகிறேன்.

வேகத்தின் கோணத்திலும் பொதுக் கணக்கு நெடுநாள் தாக்குப்பிடிக்காது. ஐவர் நிறுவும் உலாவி நீட்சிகளும், ஐவர் விரும்பும் தானியங்கி நிரல்களும், ஐவருடைய பதிவிறக்கங்களும் ஒரே இடத்தில் குவியும்போது, எது யாருக்குத் தேவை என்று தெரியாததால் எதையும் நீக்க எவரும் துணியமாட்டார்கள். தனிக் கணக்காக இருந்தால் ஒருவருடைய குவியல் அவர் உள்நுழையும்போது மட்டும் சுமையாகும். பொதுக் கணக்கில் அது எல்லோருக்கும் எப்போதும் சுமை.

தம் கணினியின் மந்தத்துக்குக் காரணம் இதுதானா என்பதை எவரும் ஒரு நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் யூசர்ஸ் என்ற பக்கத்தில், தற்போது உள்நுழைந்திருப்பவர்கள் யார், அவரவர் நிரல்கள் செயலியையும் நினைவகத்தையும் எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன என்பது பெயர் வாரியாகத் தெரியும். அங்கே ஒரு பெயர் மட்டுமே இருந்தும் கணினி மெதுவாக இருந்தால், பிற கணக்குகளின் மீது பழியில்லை; காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். பல பெயர்கள் இருந்து, நினைவகம் ஏறத்தாழ முழுவதும் நிரம்பியிருந்தால், நிர்வாகி அதிகாரம் உள்ளவர் அங்கிருந்தே மற்றவர்களை வெளியேற்றலாம். உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே அதைச் செய்ய வேண்டும், ஏனெனில் அவர் சேமிக்காத எதுவும் மீளாது. மேக் கணினிகளில், குறிப்பிட்ட நேரம் எவரும் தொடாவிட்டால் தானாக வெளியேற்றும் அமைப்பு ஒன்று உண்டு. பொது இடங்களில் அது மிகவும் உதவும்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் ஒரே நேரத்தில் பலருடைய அமர்வுகள் திறந்திருந்தே ஆக வேண்டிய சூழல் இருந்தால், தீர்வைக் கணக்குகளை ஒழிப்பதில் தேடாமல் வன்பொருளில் தேடுவதே முறை. ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியாக இருந்தால் முதலில் அதை எஸ்.எஸ்.டி.யாக மாற்ற வேண்டும், அடுத்து நினைவகத்தைக் கூட்ட வேண்டும் என்பது என் கருத்து. 4 ஜிபி மட்டுமே உள்ள இடங்களில் இரண்டையும் சேர்த்தே செய்துவிடுவது நல்லது.

தங்கள் பதிலை நம்பித் தம் பிள்ளைகளின் கணக்குகளை நீக்க முற்படும் வாசகர், அக்கணக்குகளின் கோப்புறைகளில் உள்ள படங்களையும் பாடக் குறிப்புகளையும் சேர்த்தே இழக்கக்கூடும். ஆகவே, அடுத்து வரும் கணினிப் பகுதியிலேயே ஒரு திருத்தக் குறிப்பை வெளியிடுமாறும், கணினி மெதுவாகிறது என்று எழுதும் வாசகர்களிடம், எத்தனை கணக்குகள் உள்ளன என்று கேட்பதற்கு முன்பாக, டாஸ்க் மேனேஜரின் யூசர்ஸ் பக்கத்தில் எத்தனை பெயர்கள் தெரிகின்றன, நினைவகம் எவ்வளவு, வட்டு எந்த வகை என்ற மூன்றையும் கேட்டறிந்து பதிலளிக்குமாறும் அன்புடன் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்